பழைய கையடக்க வானொலிகளுக்குப் பசை தேர்ந்தெடுத்தல்: படிப்படியான முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள என் வேலை மேசைக்கு ஒரு பழைய டிரான்சிஸ்டர் வானொலி வந்தால், அதில் செலவாகும் நேரத்தில் பாதி, முன்பு யாரோ போட்ட தவறான பசையைச் சுரண்டி எடுப்பதிலேயே கழிகிறது. தாத்தாவின் பெட்டியைத் தாமே செப்பனிட விரும்பி வரும் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, கடையில் இருப்பவற்றுள் மிக வலுவான பசை எது என்பதாகும். அந்தக் கேள்விக்குப் பயனுள்ள விடை கிடையாது. உடைந்த பாகம் எந்தப் பொருளால் ஆனது, அது எப்படிப்பட்ட விசையைத் தாங்க வேண்டும், அதை நாளை மீண்டும் கழற்ற வேண்டிவருமா என்ற மூன்றும் தெரிந்த பிறகே பசையின் பெயரைப் பேச முடியும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே செல்கின்றன. படிகளை இடம் மாற்றுவதால் வரும் கேடுகள்தாம் நான் மிகுதியாகப் பார்த்தவை.

1. பசைக்கு முன் மின்வேலையை முடித்துவிடுங்கள்

பேட்டரிகளை எடுத்துவிட்டு, மின்பலகை, ஒலிபெருக்கிக் கம்பிகள், டயல் முள்ளை நகர்த்தும் டயல் நூல், ஒலி அளவுத் திருகி ஆகியவற்றில் உள்ள குறைகளை முதலில் சரிசெய்து, பெட்டியை மூடாமலேயே ஒரு வாரமாவது வானொலியைக் கேட்டுப் பாருங்கள். பெட்டியை அழகாக ஒட்டி முடித்த பிறகு ஒரு கப்பாசிட்டர் (மின்தேக்கி) பழுதானால், ஒட்டிய விரிசலின் மேலேயே மறுபடியும் விசை கொடுத்துத் திறக்க நேரிடும். சாலிடர் இரும்பின் வெப்பமும் அருகிலுள்ள புதிய ஒட்டைத் தளர்த்திவிடும்.

பலகையைப் பார்க்கும்போது, பெரிய கப்பாசிட்டர்களின் அடியில் தொழிற்சாலையிலேயே இடப்பட்ட மஞ்சள் நிறப் பசை இருக்கிறதா என்று தேடுங்கள். ஜப்பானியப் பெட்டிகள் சிலவற்றில் இருக்கும் இந்தப் பசை, வெப்பத்தாலும் வயதாலும் கரும்பழுப்பாக மாறும்போது மின்சாரத்தைக் கடத்தவும், பாகங்களின் கால்களை அரிக்கவும் தொடங்குகிறது. அதை மரக்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்; அதன் மேல் புதிய பசை எதையும் பூசக்கூடாது.

2. பேட்டரிக் கசிவை அதன் வகை அறிந்து துடையுங்கள்

கசிவின் எச்சம் இருக்கும் இடத்தில் எந்தப் பசையும் நிலைக்காது. அல்கலைன் பேட்டரியின் வெண்ணிறப் படிவு காரத்தன்மை உடையது. பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டு அதைக் கரைக்கலாம். பழைய துத்தநாக-கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவ வேண்டும். இரண்டுக்கும் வினிகரையே ஊற்றுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டாம் வகையில் அது அமிலத்தின் மேல் அமிலம் சேர்ப்பதாகும். அதன்பின் ஈரத்துணியால் துடைத்து ஓர் இரவு முழுவதும் உலரவிடுங்கள்.

3. பாகம் எந்தப் பொருள் என்று கண்டறியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தாம் பெட்டியைக் கெடுக்கிறார்கள் என்பதால், இதற்கு மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த சிறிய டிரான்சிஸ்டர் வானொலிகளின் பெட்டிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீனாலும், பின்னர் வந்தவை ஏ.பி.எஸ். (ABS) என்னும் பிளாஸ்டிக்காலும் ஆனவை. அவற்றுக்கு முந்தைய, டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் இயங்கிய வால்வு வானொலிகளில் பேக்கலைட் என்னும் கடினமான பழைய பிளாஸ்டிக்கும், தோல்போன்ற துணி ஒட்டிய மரப்பெட்டியும் காணப்படும். டயலின் ஒளிபுகும் மூடி அக்ரிலிக்காகவோ பாலிஸ்டைரீனாகவோ இருக்கும்.

பெட்டியின் உட்புறத்தில் உடைந்து கிடக்கும் சிறு துண்டு ஒன்றை எடுத்து முதலில் வெறும் நீரில் போடுங்கள். அது மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். அப்படியானால் பசையை மறந்துவிட்டுத் திருகையோ ரிவெட்டையோ நாட வேண்டும், ஏனெனில் வீட்டில் கிடைக்கும் பசைகள் அதில் பிடிக்கமாட்டா. மூழ்கினால், 100 மில்லி நீரில் சுமார் 36 கிராம் உப்பைக் கரைத்து, அந்த அடர் உப்புநீரில் மீண்டும் போடுங்கள். பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்.ஸும் அதில் மிதக்கும், பேக்கலைட் மூழ்கும். துண்டில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விடை தவறாகும் என்பதால், அதை விரலால் தேய்த்து நனைத்த பின்னரே விடுங்கள்.

மிதக்கும் இரண்டையும் பிரித்தறிய, துண்டை மெதுவாக வளையுங்கள். பாலிஸ்டைரீன் பளிச்சென்று முறியும். மேசையில் போட்டால் உலோகம் போன்ற மெல்லிய ஒலி எழும். ஏ.பி.எஸ். முறியும் முன் வளைந்து, வளைந்த இடம் வெளுக்கும். ரப்பர் கலந்த பாலிஸ்டைரீனும் வெளுக்கும் என்பதால் இந்தச் சோதனை முழு உறுதி தராது. ஆனால் ஐந்தாம் படியில் சொல்லப்படும் கரைப்பான் இரண்டுக்கும் பொருந்துவதால் வேலை கெட்டுப்போகாது.

தீயில் காட்டி முகர்ந்து பார்க்கும் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள். பழைய பொத்தான்கள், அலங்காரப் பட்டைகள் சிலவற்றில் செல்லுலாயிடு இருக்கக்கூடும். அது நொடியில் பற்றிக்கொள்ளும்.

4. எண்ணெய்ப் படலத்தை நீக்கி, பசையின்றிப் பொருத்திப் பாருங்கள்

எங்கள் வீடுகளில் வானொலி இருந்த இடம் ஒன்று சமையலறை அலமாரி, இல்லையெனில் காமாட்சி விளக்கு எரியும் மூலை. பொரிக்கும் எண்ணெயின் ஆவியும், விளக்குப் புகையும், சாம்பிராணியும் பல பத்தாண்டுகளாக விரிசலுக்குள்ளும் புகுந்து படலமாகியிருக்கின்றன. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் உடைந்த முகத்தில் பசை நழுவுவதற்கு இதுவே காரணம். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரையும் மென்மையான பல் துலக்கியையும் கொண்டு கழுவி, உலர்த்துங்கள். டயலில் அச்சான எண்களைமட்டும் தொடாதீர்கள். சில பெட்டிகளில் அவை வெறும் நீருக்கே கரைந்து போகின்றன.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை, யானைத் தந்தம்போன்ற வெண்ணிறப் பெட்டிகளின் மேல் பயன்படுத்த வேண்டாம். அதன் சாயம் விரிசலுக்குள் ஏறி நிற்கும். நிறமற்ற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே ஏற்றது. அதையும் அக்ரிலிக் மூடியில் தடவக்கூடாது. உள்ளழுத்தம் தேங்கிய பழைய அக்ரிலிக்கில் அது மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் மணமும் கலந்திருப்பதால் அது எந்த இடத்துக்கும் பயன்படாது.

இனித் துண்டுகளைப் பசையின்றிச் சேர்த்து, மாஸ்கிங் டேப்பாலும் ரப்பர் வளையங்களாலும் கட்டிப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால், முன்பு போட்ட பசையின் துணுக்கு எங்கோ ஒட்டியிருக்கிறது என்று பொருள். உடைந்த முகத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அதன் மேடுபள்ளங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால்தான் துண்டுகள் சரியான இடத்தில் அமர்கின்றன. எத்தனை கட்டுகள், எந்த வரிசையில் என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள். கரைப்பான் காய ஆரம்பித்த பிறகு டேப்பைத் தேடி எழுந்து போகக்கூடாது.

5. பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ். விரிசல்களுக்குக் கரைப்பான்

இங்கே பசை என்று எதுவும் தேவையில்லை. மெத்தில் எத்தில் கீட்டோன் என்னும் கரைப்பான் இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கி, அவற்றை ஒன்றாகக் கலக்கச் செய்து, பின் ஆவியாகிவிடுகிறது. எஞ்சுவது அதே பிளாஸ்டிக். சூப்பர் குளூவின் ஒட்டு கண்ணாடிபோல் உடைவதற்கும் இந்த ஒட்டு பெட்டியோடு சேர்ந்து நெகிழ்வதற்கும் உள்ள வேறுபாடு இதனால்தான். மாதிரி விமானம் கட்டுபவர்கள் வாங்கும் பாலிஸ்டைரீன் சிமென்ட், பாலிஸ்டைரீனுக்கு அதே வேலையைச் செய்யும். அசிட்டோன் ஏ.பி.எஸ்.ஸுக்குப் பொருந்தும், பாலிஸ்டைரீனையோ அது கரைத்துக் கலக்காமல் ஊதவைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடுகிறது.

துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய பிறகு, உட்புறத்திலிருந்து மெல்லிய தூரிகையின் நுனியால் விரிசலின் மேல் ஒரு துளியைத் தொட்டால் போதும். விரிசலே அதை உள்ளிழுத்துக்கொள்ளும். புதியவர்கள் முதலில் பூசிவிட்டுப் பின்னர் சேர்க்கிறார்கள், அல்லது வெளிப்புறத்திலிருந்து தொடுகிறார்கள். இரண்டாவது தவறுக்கு மருந்தில்லை: டேப்பின் அடியில் கரைப்பான் ஓடி, பெட்டியின் பளபளப்பான முகத்தில் டேப்பின் ஓரத்தை அப்படியே பதித்துவிடும். அதனால் விரிசலின் மேல் வெளிப்புறத்தில் டேப் குறுக்கே செல்லும் இடங்களில் கரைப்பானைத் தவிர்த்து, இடையில் உள்ள பகுதிகளைமட்டும் முதலில் இணையுங்கள். அவை பிடித்த பிறகு டேப்பை அகற்றி மீதியைத் தொடுங்கள்.

துண்டு காணாமல் போன இடத்தை நிரப்ப, பேட்டரி அறையின் உட்புற விளிம்பு போன்ற மறைவான இடத்திலிருந்து சிறிது பிளாஸ்டிக்கைச் சீவி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் அதே கரைப்பானில் ஊறவையுங்கள். மறுநாள் தேன்பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். அதைத் தடிப்பாக ஒரே முறையில் நிரப்பினால் உள்ளே கரைப்பான் சிக்கி, வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும்; மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு இடுங்கள்.

இந்த ஆவி எளிதில் தீப்பற்றும், தலைச்சுற்றலையும் தரும். சன்னல்களைத் திறந்து, எரியும் விளக்கு இல்லாத அறையில் வேலை செய்யுங்கள். டைகுளோரோமீத்தேன் கலந்த அக்ரிலிக் சிமென்ட்டுகள் இன்னும் வேகமாக வேலை செய்தாலும், அவை உடலுக்குச் செய்யும் தீங்கைக் கருதி வீட்டு மேசையில் நான் அவற்றை வைப்பதில்லை.

6. உடைந்த திருகுத் தூண்களுக்கு எபாக்ஸி

பின்மூடியின் திருகு இறங்கும் சிறு பிளாஸ்டிக் தூண்களே இப்பெட்டிகளில் மிகுதியாக உடைபவை. திருகை அளவுக்கு மீறி முறுக்குவதே காரணம். தூணை முதலில் ஐந்தாம் படியின் முறையில் அதன் அடியோடு இணைத்து, ஒரு நாள் கழித்து, அதைச் சுற்றிப் பருத்தி நூலையோ கண்ணாடி இழையையோ இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் எபாக்ஸியை (இரு பகுதிகளைக் கலந்ததும் இறுகும் பசை) தடவுங்கள். எபாக்ஸி தனியாக பாலிஸ்டைரீனில் உறுதியாகப் பிடிப்பதில்லை. இங்கே வலிமை தருவது சுற்றிய நூல்தான், எபாக்ஸி அந்த நூலைக் கெட்டிப்படுத்துகிறது.

ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் வகை வலுவானது. இறுகும் முன் நூலுக்குள் ஊறவும் அதற்கு நேரம் கிடைக்கிறது. இரண்டு குழாய்களின் பகுதிகளையும் உறையில் குறித்த விகிதத்தில் சரியாக எடுங்கள். இறுக்கும் பகுதியைக் கூடுதலாகச் சேர்த்தால் விரைவில் காயும் என்று பலர் நம்புகிறார்கள். மிஞ்சிய பகுதி இணைய இடமின்றி உள்ளேயே தங்கி, ஒட்டை என்றென்றும் மென்மையாக வைத்திருக்கும்.

தூண் முழுவதும் தொலைந்துபோயிருந்தால், பிராட்லி புட்டி போன்ற பிசையும் எபாக்ஸியால் புதிதாகக் கட்டலாம். திருகின் புரிகளில் மெழுகைத் தேய்த்து, அதை ஈரப் புட்டிக்குள் நிறுத்தி, அரைகுறையாக இறுகும்போது ஒரு சுற்று திருப்பிவிட்டால், புரியும் தானே உருவாகும், திருகும் சிக்காது. மெழுகை மறந்த ஒருவர், பின்மூடியைத் திறக்க முடியாமல் பெட்டியையே என்னிடம் கொண்டுவந்தார்.

கைப்பிடியின் கீல், ஏரியலின் அடிப்பகுதி ஆகியவை முழு எடையையும் நெம்பு விசையையும் தாங்குபவை. அங்கே பசையைமட்டும் நம்பாமல், உட்புறத்தில் மெல்லிய உலோகத் தகடு ஒன்றை வைத்துத் திருகால் பிணையுங்கள்.

7. பேக்கலைட், மரம், தோல்துணி

பேக்கலைட் எந்தக் கரைப்பானிலும் இளகாது. மெதுவாக இறுகும் எபாக்ஸியே அதற்குரியது. பழுப்பு அல்லது கறுப்பு நிறப் பொடியை எபாக்ஸியில் கலந்துகொண்டால் கோடு மறையும். வால்வு வானொலியின் மரப்பெட்டிக்கு ஆல்கொலின் கோல்டு குளூ போன்ற வெள்ளைப் பசை போதுமானது.

மரத்திலிருந்து உரிந்த தோல்துணிக்கும் அதே வெள்ளைப் பசையைத்தான் பரிந்துரைப்பேன். இரு பக்கமும் தடவிச் சேர்க்கும் கான்டாக்ட் பசை உடனே பிடிப்பதால் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் வினைல் துணியிலுள்ள மென்மையூட்டி நாளடைவில் பசைக்குள் இறங்கி அதைப் பிசுபிசுக்க வைக்கிறது, துணியும் மீண்டும் நழுவுகிறது. பாலிஸ்டைரீன் பெட்டியின் மேல் கான்டாக்ட் பசையைத் தடவவே கூடாது. அதிலுள்ள கரைப்பான் பெட்டியை அரித்துவிடும்.

8. டயல் மூடியும் பெயர்ச்சின்னமும்

சூப்பர் குளூ இறுகும்போது எழும் ஆவி, அருகிலுள்ள பரப்புகளில் வெண்பனிபோல் படிகிறது. இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை ஓர் ஆறு டிரான்சிஸ்டர் ஜப்பானியப் பெட்டியின் டயல் மூடி: இரண்டே துளிகளால் ஒட்டி, பெட்டியை மூடிவிட்டு உறங்கப் போனேன், காலையில் எண்கள் மூட்டத்துக்குள் மறைந்திருந்தன. டர்பனின் ஈரக்காற்றில் அந்தப் படிவு இன்னும் மோசமாகிறது.

மூடியை ஒட்ட வெள்ளைப் பசையை ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிகளாக இடுங்கள். அது காய்ந்தால் நிறமற்றதாகும், ஆவியைக் கக்காது, வேண்டும்போது நீரால் இளக்கிக் கழற்றலாம். பெயர்ச்சின்னத்துக்கு மெல்லிய இருபக்க டேப் போதும். சின்னத்தின் பின்னுள்ள முளைகள் உடையாமல் இருந்தால் அதுவும் வேண்டியதில்லை.

9. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு

கூம்பின் நடுப்பகுதியில் உள்ள கிழிசலுக்கு, வெள்ளைப் பசையில் சம அளவு நீர் கலந்து, தேநீர்ப் பையின் தாளைக் காலியாக்கி உலர்த்திக் கிழித்தெடுத்த சிறு துண்டை அதில் நனைத்து ஒட்டுங்கள். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரத்து இழைகள் கூம்போடு கலந்து படியும். ஒட்டுத்துண்டு சிறிதாக இருக்க வேண்டும். கூம்பின் எடை கூடினால் ஒலியின் கூர்மை குறையும்.

கிழிசல் கூம்பின் வெளி வளையத்தில் இருந்தால் வெள்ளைப் பசை ஆகாது. அந்த வளையம் அசைந்துகொண்டே இருக்க வேண்டியது. விறைத்த பசை அங்கே அடுத்த கிழிசலைத் தொடங்கிவைக்கும். காய்ந்த பிறகும் ரப்பர்போல் நெகிழும் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். முன்புறத் துணியை ஒட்டும்போது பசையைச் சட்டத்தில் தடவி, சற்று இறுகவிட்டு, பின்னர் துணியை வையுங்கள். துணியில் நேராகத் தடவினால் முகப்பில் கறை தெரியும்.

10. முறிந்த ஃபெரைட் தண்டு

பெட்டி கீழே விழுந்தால் உள்ளேயுள்ள ஃபெரைட் தண்டு (கம்பிச் சுருள் சுற்றிய, உள் ஏரியலாக வேலை செய்யும் காந்தப்பொருள் தண்டு) முறிவது வழக்கம். சூப்பர் குளூவுக்கு இவ்வானொலிகளில் நான் தரும் ஒரே பெரிய வேலை இதுதான், ஏனெனில் மிக மெல்லிய படலமாகப் பரவும் பசை இங்கே தேவை. இரு முகங்களுக்கும் நடுவில் பசையின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவும் காந்தப்புலத்துக்கு ஓர் இடைவெளி. அது கூடினால் சுருளின் தூண்டல் திறன் குறைந்து, நிலையங்கள் டயலில் இடம் மாறும், தொலைவிலுள்ளவை மங்கும்.

தண்டைப் பலகையிலிருந்து கழற்றி வெளியே எடுத்து, பொடியை ஊதித் தள்ளி, ஒரே ஒரு சிறு துளியால் ஒட்டி, நேரான விளிம்பில் அழுத்திப் பிடியுங்கள். நிலையம் மாற்றும் மாறுமின்தேக்கியின் அருகிலோ, சுவிட்சின் அருகிலோ இதைச் செய்தால் ஆவி அவற்றின் தொடுமுனைகளில் படியும். பொருத்திய பிறகு, டயலின் தாழ்ந்த முனையில் உள்ள நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு, சுருளைத் தண்டின் மேல் சற்று நகர்த்தி ஒலி மிகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு சொட்டு உருக்கிய மெழுகால் நிறுத்துங்கள். எபாக்ஸியால் நிறுத்திவிட்டால், அடுத்தமுறை சரிசெய்ய வருபவருக்கு வழியே இல்லை.

11. தள்ளிவைக்க வேண்டியவை

வினிகர் மணம் வீசும் சிலிக்கோன் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. அது செம்பை அரிக்கும். மின்பலகைக்கு அருகில் சிலிக்கோன் தேவைப்பட்டால் நடுநிலையாக இறுகும் வகையை வாங்குங்கள். சிலிக்கோன் ஒருமுறை தொட்ட பிளாஸ்டிக்கில் பிறகு வேறு பசை பிடிப்பது மிக அரிது என்பதால், பெட்டியின் விரிசலுக்கு அதை எண்ணவே வேண்டாம்.

சூடாக்கி ஒழுகவிடும் துப்பாக்கிப் பசை, வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும். கம்பிகளை ஓரமாகப் பிடித்து நிறுத்த அது நல்லது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை விளிம்பில் விட்டால் சுத்தமாகக் கழன்றுவரும்.

டயல் நூலின் முடிச்சில் சூப்பர் குளூவை விடாதீர்கள். அது நூலில் ஊறி, கப்பியில் வளையும் இடத்தில் நூலை முறிக்கும். ஒரு துளி நகப்பூச்சு போதும். அதுவும் பிளாஸ்டிக் கப்பியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருகுகுமிழ் சுழல்தண்டில் தளர்ந்திருந்தால் அதை ஒட்டாமல், குமிழின் கழுத்தில் நூல் சுற்றி எபாக்ஸி இட்டு இறுக்குங்கள்.

12. நாளும் நேரமும்

டர்பனில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் மழை நாட்களில் கரைப்பான் வேலையைத் தள்ளிப்போடுகிறேன். கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து ஒட்டை வெளுக்கச் செய்கிறது. எபாக்ஸியின் மேலும் ஈரக்காற்றில் மெழுகுபோன்ற படலம் தோன்றும். அடுத்த பூச்சுக்கு முன் அதைச் சோப்பு நீரால் கழுவியாக வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான உலர்ந்த நாட்கள் இரண்டுக்கும் ஏற்றவை.

சூப்பர் குளூவை இறுக மூடி, உணவுப்பொருள் அல்லாத தனி டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்து அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே திறவுங்கள், இல்லையெனில் உள்ளே ஈரம் திரண்டு குப்பி முழுவதும் கெட்டியாகும்.

கரைப்பானால் இணைத்த பெட்டி சில மணி நேரத்தில் கைக்கு உறுதியாகத் தோன்றினாலும், அதன் முழு வலிமை வரச் சில நாட்கள் ஆகும். நான் ஒரு வாரம் கழித்தே பின்மூடியின் திருகுகளை இறுக்குகிறேன். அதுவும் திருப்புளியை விரல் நுனிகளால்மட்டும் பிடித்து, திருகு நின்ற இடத்தோடு விட்டுவிடுகிறேன்.